சி டிரைவில் 268 ஜிபி கணக்கில் வரவில்லை, எஸ்எஸ்டியில் செல் செத்துவிட்டது என்கிறார்கள், உண்மையா?

திருப்பூர் டெவ்:

வணக்கம் எல்லோருக்கும். விண்டோஸ் 11 ஹோம், 16 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. டி டிரைவ் எதுவும் பிரிக்கவில்லை, எல்லாமே சி தான். இப்போது அது சிவப்புக் கோட்டில் நிற்கிறது, மொத்தம் 475 ஜிபி, மீதி 9. சரி, எதைத்தான் இவ்வளவு போட்டு வைத்திருக்கிறேன் என்று ஒவ்வொரு ஃபோல்டராக ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்துக் கூட்டினேன். விண்டோஸ் ஃபோல்டர் 30, இரண்டு புரோகிராம் ஃபைல்ஸும் சேர்த்து 48, டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் சேர்ந்து 120. ஆக 198 தான் வருகிறது, ஆனால் நிரம்பியிருப்பது 466. மிச்சம் 268 ஜிபி எங்கே?

டிஸ்க் கிளீனப் ஓட்டினேன், டெம்ப் ஃபோல்டரைத் துடைத்தேன், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தேன், எல்லாம் சேர்ந்து 3 ஜிபிகூடத் தேறவில்லை. பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். எஸ்எஸ்டியில் டேட்டாவைத் தாங்கும் செல்லெல்லாம் செத்துப்போய்க் கொள்ளளவு சுருங்கிவிட்டது, 1 டிபி மாற்றிவிடுங்கள் என்றார்கள். அதோடு நிற்காமல் "கிளீன்" செய்கிறேன் என்று ஏதோ அழித்ததில் டாக்குமென்ட்ஸில் இருந்த பழைய இன்வாய்ஸ் ஃபோல்டரும் போய்விட்டது, அது தனி எரிச்சல். வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரையும் விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரையும் அழித்தால் 20 ஜிபி கிடைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா? வெப் டெவலப்மென்ட் வேலை, மெஷின் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது, அதனால் ஃபார்மேட் செய்யச் சொல்லாதீர்கள்.

சும்மா ஒருவன்:

512 என்று டப்பாவில் போட்டிருப்பார்கள் ப்ரோ, 475 தான் வரும், எல்லோருக்கும் அப்படித்தான். ஹைபர்ஃபில் என்று ஒரு ஃபைல் ஒளிந்திருக்கும், அதைத் தூக்குங்கள், நிறைய இடம் வரும். வரவில்லை என்றால் ஃபார்மேட்தான் ஒரே வழி, சாரி.

பழைய ஹார்ட்வேர்க்காரன்:

தம்பி, முதலில் கடைக்காரர் சொன்னதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதை நம்பினால் காசு போகும்.

எஸ்எஸ்டியில் செல் தேய்வது உண்மை, ஆனால் அது தேய்ந்தால் சி டிரைவின் அளவு குறையாது, "நிரம்பிய இடம்" கூடவும் கூடாது. 512 ஜிபி என்று விற்கும் டிரைவுக்குள் பொதுவாக அதைவிடக் கூடுதலான நேண்ட், அதாவது டேட்டாவைச் சேமிக்கும் சிப், இருக்கும். கம்பெனிக்காரர்கள் 1 ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், சிப்புகளோ 1024 கணக்கில் வருகின்றன. அந்த வித்தியாசமே சுமார் 7 சதவீதம், அதை டிரைவை நடத்தும் கன்ட்ரோலர் சிப் தன் கைவசம் ரிசர்வ் ஆக வைத்துக்கொள்ளும். ஒரு பிளாக் பழுதானால் ரிசர்விலிருந்து இன்னொன்றை அதன் இடத்தில் போட்டுவிட்டு வேலையைத் தொடரும், விண்டோஸுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. ரிசர்வும் தீர்ந்தால் டிரைவ் ரீட் ஒன்லி ஆகும், இல்லையென்றால் ஒரேயடியாகப் போய்ச் சேரும். மெல்ல மெல்லச் சுருங்கி 268 ஜிபி காணாமல் போவது என்று ஒன்று கிடையாது. சந்தேகம் இருந்தால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இறக்கி "அவெய்லபிள் ஸ்பேர்", "பர்சென்டேஜ் யூஸ்ட்" இரண்டையும் பாருங்கள். முதலாவது 100 அல்லது அதற்குப் பக்கத்தில் இருந்தால் கடையை மறந்துவிடலாம்.

475 என்பதும் அதே 1024 கணக்குதான். 512 ஜிபி விண்டோஸ் பாஷையில் 476.8, அதிலிருந்து பூட், ரெக்கவரி பார்ட்டிஷன்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சும்மா ஒருவன் அதைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் உங்கள் கேள்வி அது இல்லையே.

உங்கள் கூட்டலில் ஓட்டை இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த ஃபோல்டரை மட்டும் கூட்டியிருக்கிறீர்கள். சாஃப்ட்வேர்கள் தங்கள் டேட்டாவைப் போட்டு வைக்கும் ஆப்டேட்டா மறைந்திருக்கும், புரோகிராம்டேட்டாவும் மறைந்திருக்கும், சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டரை அட்மினுக்கே திறக்க அனுமதி இல்லை, பேஜ்ஃபைலும் (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருப்பது) ஹைபர்ஃபிலும் டிரைவின் வேரிலேயே ஒளிந்துகொண்டிருக்கும். அதனால் எதையும் அழிக்காமல், எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ இறக்குங்கள், ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறங்கள். அது ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்காமல் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபைல் சிஸ்டத்தின் பட்டியலையே நேராகப் படிக்கும், சில நொடியில் முடிந்துவிடும். வின்டிர்ஸ்டாட் போதும் என்றால் அதுவும் சரி, கொஞ்சம் நேரம் பிடிக்கும். எதுவானாலும் அட்மினாக ஓட்டாவிட்டால் பூட்டிய ஃபோல்டரெல்லாம் பூஜ்யம் என்று காட்டி உங்களை மறுபடியும் சுற்றவிடும். கூடவே செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் "ஷோ மோர் கேட்டகரீஸ்" அழுத்தி "சிஸ்டம் அண்ட் ரிசர்வ்ட்" என்பதையும் பாருங்கள். அப்டேட்டுக்காக விண்டோஸ் ஒதுக்கி வைப்பது சுமார் 7 ஜிபி, அது ஃபைலாகத் தேடினால் கிடைக்காது.

அந்த வீடியோவை மூடிவிடுங்கள். வின்எஸ்எக்ஸ்எஸ் பார்க்கத்தான் பெரிது. அதில் பாதிக்கு மேல் ஹார்ட் லிங்க், அதாவது சிஸ்டம்32ல் இருக்கும் அதே ஃபைல் இங்கேயும் இன்னொரு பெயரில் தெரிகிறது, எக்ஸ்ப்ளோரர் இரண்டு தடவை எண்ணிவிடும். கையால் அழித்தால் அடுத்த அப்டேட்டிலோ அடுத்த பூட்டிலோ விண்டோஸே உட்கார்ந்துவிடும். இன்ஸ்டாலர் ஃபோல்டர் அதைவிட மோசம், அழித்த அன்று ஒன்றும் ஆகாது, பிறகு ஒரு நாள் ஆபீஸை அப்டேட் செய்யவோ ஏதாவது சாஃப்ட்வேரை நீக்கவோ போனால் "எம்எஸ்ஐ ஃபைலைக் காணோம்" என்று கையை விரிக்கும்.

திருப்பூர் டெவ்:

நன்றி அண்ணா. அவெய்லபிள் ஸ்பேர் 100, பர்சென்டேஜ் யூஸ்ட் 6. கடை விஷயம் அதோடு முடிந்தது.

விஸ்ட்ரீயை அட்மினாக ஓட்டியதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஆப்டேட்டா மட்டும் 190 ஜிபி! அதில் டாக்கர் (புராஜெக்ட்களைத் தனித்தனி கன்டெய்னரில் ஓட்டும் டூல்) ஃபோல்டருக்குள் ஒரே ஒரு விஎச்டிஎக்ஸ் ஃபைல் 141, வாட்ஸ்அப் 22, மிச்சம் பிரவுசர், எடிட்டர் என்று சில்லறை. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் 34, பேஜ்ஃபைல் 18, புரோகிராம்டேட்டா 12, ஹைபர்ஃபில் ஆறு சொச்சம், ரிசர்வ்ட் 7. கூட்டினால் ஒன்றிரண்டு ஜிபி முன்னே பின்னே கணக்கு நேராகிறது.

ஆனால் அந்த 141 எனக்குப் புரியவில்லை. பழைய கிளையன்ட் புராஜெக்ட் இமேஜையெல்லாம் (கன்டெய்னருக்கு அச்சு மாதிரி) அவ்வப்போது அழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். "டாக்கர் சிஸ்டம் டிஎஃப்" போட்டால் உள்ளே எல்லாம் சேர்த்து 88 தான் காட்டுகிறது. அப்புறம் எப்படி ஃபைல் 141?

நைட் ஷிஃப்ட்:

இதற்குத்தான் காத்திருந்தேன், எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் லேப்டாப்பில் இதே கதைதான்.

அந்த விஎச்டிஎக்ஸ் ஒரு விர்ச்சுவல் டிஸ்க். உள்ளே லினக்ஸ், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். நீங்கள் இமேஜ் இறக்க இறக்க அது வளரும். உள்ளே அழித்தால் உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு இடம் கிடைக்கும், ஆனால் வெளியே விண்டோஸில் அந்த ஃபைல் தானாகச் சுருங்குவதில்லை. பேன்ட் இடுப்பைத் தையல்காரர் ஒரு தடவை பிரித்துவிட்டால் நாம் இளைத்தாலும் அது அப்படியேதானே இருக்கும். டாக்கரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை, வளரும் வகை விர்ச்சுவல் டிஸ்க் எதுவாக இருந்தாலும் பொதுவாக இப்படித்தான், விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் வெறும் உபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். ஒரு காலத்தில் உங்களுடையது 141 வரை போயிருக்கிறது, இப்போது உள்ளே 88, நடுவில் இருக்கும் 53 சும்மா காற்று.

இரண்டு படி. முதலில் உள்ளே குப்பையைக் குறையுங்கள், "டாக்கர் சிஸ்டம் ப்ரூன்" கூடவே ஹைபன் ஏ. இது நிறுத்தி வைத்த கன்டெய்னர், எந்தக் கன்டெய்னரும் பிடித்துக்கொண்டிராத இமேஜ், பில்டு கேஷ் எல்லாவற்றையும் எடுத்துவிடும். எடுக்கும் முன் ஒன்று யோசியுங்கள். நிறுத்தி வைத்த கன்டெய்னருக்குள்ளேயே, வால்யூமில் (டாக்கர் டேட்டாவைத் தனியாக வைக்கும் இடம்) இல்லாமல், டேட்டாபேஸ் ஏதாவது வைத்திருந்தால் அதுவும் போய்விடும், அதனால் முதலில் அதை ஸ்டார்ட் செய்து டம்ப், அதாவது ஒரு பிரதி, எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வைத்த வால்யூமை இந்தக் கட்டளை தொடாது. "வால்யூம்ஸ்" என்ற ஆப்ஷனை மட்டும் தெரியாமல் சேர்த்துவிடாதீர்கள்.

அடுத்தது சுருக்குவது. டாக்கர் டெஸ்க்டாப்பை முழுசாக க்விட் செய்யுங்கள், மூடினால் போதாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திமிங்கலத்தை ரைட் கிளிக் செய்து க்விட். அட்மினாகத் திறந்த டெர்மினலில் "டபிள்யூஎஸ்எல்", அதற்குப் பின் இரண்டு ஹைபன் "ஷட்டவுன்". பிறகு "டிஸ்க்பார்ட்". மொபைலில் தமிழ் கீபோர்டில் இருக்கிறேன், அதனால் ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்: "செலக்ட் விடிஸ்க் ஃபைல்", சமக்குறி, மேற்கோள் குறிக்குள் அந்த விஎச்டிஎக்ஸின் முழுப் பாதை. அடுத்த வரி "அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி", அடுத்து "காம்பேக்ட் விடிஸ்க்", முடிந்ததும் "டிடாச் விடிஸ்க்". காம்பேக்ட் ஓடும்போது அவசரப்பட்டு விண்டோவை மூடாதீர்கள், சார்ஜரும் சொருகியிருக்கட்டும். இணையத்தில் "ஆப்டிமைஸ் விஎச்டி" என்று ஒரு பவர்ஷெல் கட்டளை சொல்வார்கள், அது ஹைப்பர்வி என்ற விர்ச்சுவல் மெஷின் வசதியோடு வருவது, ஹோம் எடிஷனில் கிடைக்காது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் 22 ஜிபி பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. குடும்ப குரூப்பில் எத்தனை சித்தப்பா?

திருப்பூர் டெவ்:

மூன்று சித்தப்பா, ஒரு பெரியப்பா, எல்லோரும் காலையிலேயே வீடியோவில் பூ அனுப்புவார்கள். போனில் ஆட்டோ டவுன்லோடை நிறுத்தினேன், லேப்டாப்பில் நிறுத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சும்மா ஒருவன்:

ஹைபர்ஃபில் ஆறு ஜிபிதானா, நான் பதினாறு இருக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் சும்மா கிடக்கிறதே, தூக்கிவிடலாமே?

பழைய ஹார்ட்வேர்க்காரன்:

விண்டோஸ் 10, 11ல் ரேமின் 40 சதவீதம்தான் அதற்கு ஒதுக்குவார்கள். 16 ஜிபிக்கு 6.4 வருகிறது, சரிதான். சும்மா கிடக்கவில்லை, ஹைபர்னேட் அதில்தான் நடக்கிறது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் அதை வைத்துத்தான். வேண்டவே வேண்டாம் என்பவர்கள் அட்மின் டெர்மினலில் "பவர்சிஎஃப்ஜி ஹைபன் ஹெச் ஆஃப்" கொடுக்கலாம், ஃபைல் உடனே போய்விடும். நடுவழியும் உண்டு, ஹைபர்ஃபிலின் டைப்பை "ரெட்யூஸ்ட்" என்று மாற்றினால் அளவு பாதியாகும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும், ஹைபர்னேட் மட்டும் போகும். 268 தேடுகிறவருக்கு இந்த 6 எதற்கு, அதுவும் கரன்ட் போய்ப் போய் வருகிற ஊரில் லேப்டாப் பேட்டரி தீரும்போது திறந்த வேலையைக் காப்பாற்றுவது அதுதான். 64 ஜிபி ரேம் போட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர் என்றால் வேறு விஷயம், அங்கே 25 ஜிபிக்கு மேல் போகும்.

பேஜ்ஃபைலையும் சிஸ்டம் மேனேஜ்ட் என்றே விட்டுவிடுங்கள். அதைச் சுருக்கிவிட்டு டாக்கர் நடுவில் மெமரி போதவில்லை என்று விழுந்தால் இன்னொரு கேள்வியோடு வருவீர்கள்.

இப்போது அந்த 34 ஜிபி. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனில் இருப்பது பெரும்பாலும் ரீஸ்டோர் பாயின்ட், ஷேடோ காப்பி, அதாவது பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் பிரதிகள். ஸ்டார்ட்டில் "கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்" என்று தேடித் திறந்து "கான்ஃபிகர்" அழுத்தினால் "மேக்ஸ் யூசேஜ்" ஸ்லைடர் இருக்கும். குறைத்தால் பழைய பாயின்ட்டுகளை விண்டோஸே தூக்கிவிடும்.

ஆனால் நில்லுங்கள், இன்வாய்ஸ் ஃபோல்டர் போய்விட்டது என்றீர்களே. ஸ்லைடரைத் தொடும் முன் டாக்குமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், "ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்" பாருங்கள். ரீஸ்டோர் பாயின்ட் சொந்த ஃபைலுக்கு உத்தரவாதம் கொடுக்காது, சில நேரம் மட்டும் பழைய பிரதி உட்கார்ந்திருக்கும். இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அங்கே இல்லை என்றால் ரெக்கவரி சாஃப்ட்வேர் வாங்கிக் காசை விடாதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்த ஃபைலின் மேல் வேறு எதையாவது எழுதும்வரை அது அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் நீங்கள் அழித்ததுமே விண்டோஸ் டிரிம் என்று ஒரு செய்தி அனுப்பும், "இந்த இடம் இனி எனக்கு வேண்டாம்" என்று, அதன் பிறகு அந்தப் பகுதியைப் படித்தால் பெரும்பாலான டிரைவில் வெறும் பூஜ்யம்தான் வரும்.

மேக்காரி:

நடுவில் நுழைகிறேன், மேக்கிலும் இதே ரகளை உண்டு. 60 ஜிபி வீடியோவை அழித்து டிராஷையும் காலி செய்துவிட்டுப் பார்த்தால் இடம் கூடியிருக்காது, ஏனென்றால் டைம் மெஷின் என்ற மேக் பேக்கப் எடுத்த லோக்கல் ஸ்னாப்ஷாட் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும். 24 மணி நேரம் வரை வைத்திருந்துவிட்டு அதுவே விட்டுவிடும், டிஸ்க் யுடிலிட்டியில் ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திறந்து நாமே நீக்கவும் செய்யலாம். டாக்கர் ஃபைல் மட்டும் இங்கே வேறு மாதிரி ஏமாற்றும், டாக்கர் டாட் ரா என்று பெரிய நம்பர் காட்டும், ஆனால் அது ஸ்பார்ஸ் ஃபைல், நிஜமாகப் பிடித்திருப்பது குறைவாக இருக்கும். டெர்மினலில் "டியு" கட்டளை போட்டுப் பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்.

திருப்பூர் டெவ்:

எல்லாம் முடிந்தது. ப்ரீவியஸ் வெர்ஷன்ஸில் இன்வாய்ஸ் ஃபோல்டர் இல்லை, பரவாயில்லை, பெரும்பாலானவை கிளையன்டுக்கு மெயிலில் அனுப்பியதுதான், சென்ட் பாக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ப்ரூன் செய்ததும் உள்ளே 33க்கு வந்தது, ஆனால் நீங்கள் சொன்ன மாதிரியே ஃபைல் 141லேயே நின்றது. காம்பேக்ட் ஓட்டிய பிறகு 38! வாட்ஸ்அப்பில் வேண்டியதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு 19 ஜிபியைக் கழித்தேன், ரீஸ்டோர் ஸ்லைடரை 3 சதவீதத்தில் வைத்ததில் 20 வந்தது. இப்போது மீதி 151 ஜிபி. பில்டும் வேகமாக ஓடுகிற மாதிரி இருக்கிறது, இது என் மனப்பிரமையா?

பழைய ஹார்ட்வேர்க்காரன்:

பிரமையாக இருக்காது. இப்போதைய எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் டிஎல்சி, க்யூஎல்சி, அதாவது ஒரு செல்லில் மூன்று அல்லது நான்கு பிட் எழுதுபவை. காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியை ஒரு பிட் மட்டும் எழுதும் வேகமான கேஷாக வைத்து முதலில் அதில் எழுதிவிட்டுப் பிறகு சாவகாசமாக இடம் மாற்றும். டிரைவ் நிரம்ப நிரம்ப அந்தக் கேஷ் பல மாடல்களில் சுருங்கிவிடும். அதோடு நேண்டில் சின்னச் சின்னப் பேஜாக எழுதலாம், ஆனால் அழிக்கும்போது பல பேஜ் சேர்ந்த பெரிய பிளாக்காகத்தான் அழிக்க முடியும். காலி பிளாக் இல்லையென்றால் உயிரோடு இருக்கும் டேட்டாவை இங்கிருந்து அங்கே தள்ளிவிட்டுத்தான் உங்கள் ஃபைலை எழுத வேண்டும், அதனால் எழுதுவது மெதுவாகும், செல்லும் கூடுதலாகத் தேயும். நான் எப்போதும் 15 முதல் 20 சதவீதம் வரை காலியாக விடச் சொல்வேன், உங்களுக்கு அது 70லிருந்து 95 ஜிபி.

இன்னொரு விஷயம். "டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்" திறந்து சி டிரைவுக்கு ஒரு தடவை ஆப்டிமைஸ் கொடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி என்று விண்டோஸுக்குத் தெரியும், அதனால் பழைய மாதிரி டிஃப்ராக் செய்யாது, காலி இடம் முழுவதற்கும் டிரிம்மை மறுபடி அனுப்பும்.

சும்மா ஒருவன்:

நானும் விஸ்ட்ரீ போட்டுப் பார்த்தேன். "விண்டோஸ் டாட் ஓல்டு" என்று 27 ஜிபி உட்கார்ந்திருக்கிறது. ஷிஃப்ட் டெலீட் கொடுத்தால் பர்மிஷன் இல்லை என்கிறது.

நைட் ஷிஃப்ட்:

சமீபத்தில் பெரிய அப்டேட் ஏறியிருக்கும். பழைய விண்டோஸுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அதுதான் வழி, 10 நாள் கழித்துத் தானாகவே போய்விடும். புதியதில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, அவசரமாக இடம் வேண்டும் என்றால் டிஸ்க் கிளீனப் திறந்து "கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்" அழுத்துங்கள், "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்" டிக் செய்து ஓகே. பிரின்டரும் வைஃபையும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள், அழுத்திய பிறகு பின்னால் போக முடியாது.